வீடு எது, வீட்டார் யார்? நார்டிக் சமூகத் தரவைப் படிக்கத் தொடங்குபவருக்கு

ஆஸ்லோவில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போனால் கதவுகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ‘எச்0302’ என்பதுபோல ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் இருக்கும். எச் என்றால் கட்டடத்தின் முதன்மைத் தளங்களில் ஒன்று, 03 என்றால் மூன்றாம் தளம், 02 என்றால் அந்தத் தளத்தின் இரண்டாம் கதவு. நார்வேக்காரர்கள் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவதால் நம் கணக்கில் இது இரண்டாம் மாடி. சுவீடனிலும் இப்படி ஒரு எண் உண்டு, முறைதான் வேறு. அங்கே 1001 என்றால் நுழைவுத் தளத்தின் முதல் வீடு, 1102 என்றால் அதற்கு மேல் தளத்தின் இரண்டாம் வீடு.

தபால்காரருக்காக வைத்த எண்ணைப் போலத்தான் தெரியும். ஆனால் யார் யாரோடு வசிக்கிறார்கள், எத்தனை பேர் நெருக்கடியான வீட்டில் இருக்கிறார்கள், தனியாக வாழும் முதியவர்கள் எந்த வட்டாரத்தில் அதிகம் என்றெல்லாம் இந்த நாடுகள் சொல்லும் பதில்கள் இந்த எண்ணின்மேல் நிற்கின்றன. வீடு, குடும்பம், வேலை, அரசு உதவி பற்றிய நார்டிக் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள், பத்திரிகையாளர்கள், அங்கே புதிதாகக் குடியேறி ‘இந்த ஊர் எப்படித்தான் நடக்கிறது’ என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் முட்டிக்கொண்ட இடங்களில் நீங்களும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

‘நார்டிக் நாடுகளில் குடும்ப அமைப்பு’ என்று தொடங்கினால் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாடுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிந்தாலும் வீட்டு விஷயத்தில் இவை எதிரெதிர்த் திசையில் போனவை. நார்வே போருக்குப் பின் 1946இல் ஹூஸ்பாங்கன் என்ற அரசு வீட்டுக்கடன் வங்கியைத் தொடங்கி, எல்லாரும் சொந்த வீட்டுக்காரர் ஆகட்டும் என்ற வழியில் நடந்தது. சுவீடன் நகராட்சி நிறுவனங்களின் வாடகை வீட்டை நம்பியது. 1965 முதல் 1974 வரை பத்து ஆண்டுகளில் பத்து லட்சம் வீடுகள் கட்டியது. டென்மார்க்கில் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு லாப நோக்கற்ற பொது வாடகைச் சங்கங்களிடம் இருக்கிறது.

எனவே ஒரு நாடு, ஒரு கேள்வி, ஓர் ஆண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுவீடனின் மால்மோ நகரில் ஒரே ஆள் வசிக்கும் வீடுகள் எத்தனை?’ என்ற அளவில் இருந்தால் போதும். ஒப்பீட்டுக்கு அப்புறம் போகலாம்.

தரவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் மக்கள்தொகைக் கணக்கு என்றால் ஒரு ஆசிரியை படிவத்தோடு வாசலில் வந்து நிற்பார். இங்கே அந்தக் காட்சி கிடையாது. டென்மார்க் 1981இல் முழுக்கப் பதிவேடுகளை மட்டும் வைத்தே கணக்கெடுப்பை முடித்தது. பின்லாந்து 1990இல் அதே வழிக்கு வந்தது. நார்வேயும் சுவீடனும் 2011இல் வந்து சேர்ந்தன. யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் படிவம் நிரப்பவில்லை.

இதற்கு அடிப்படை ஆளுக்கொரு அடையாள எண். சுவீடனில் பெர்சூன்நும்மர் 1947இல் வந்தது. நார்வேயில் அப்படிப்பட்ட எண் 1964இல் வந்தது. டென்மார்க்கின் சிபிஆர் எண் 1968இல் வந்தது. பிறப்பு, திருமணம், முகவரி மாற்றம், சம்பளம், வரி, படிப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் அந்த ஓர் எண்ணில் கோத்திருக்கும். சுவீடனில் மக்கள் பதிவேட்டை 1991 வரை உள்ளூர்த் தேவாலயங்கள்தாம் வைத்திருந்தன. அதன் பிறகு அது வரித்துறைக்குப் போனது. குழந்தை பிறந்தால் வரித்துறையிலிருந்து கடிதம் வருகிறதே என்று புதிதாக வந்தவர்கள் மிரள்வதுண்டு. காரணம் இதுதான்.

முகவரியோடு வீட்டு எண்ணும் சேர்ந்தபின்தான் குடித்தனம் (ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர்கள்) என்ற அலகு பதிவேட்டில் உருவானது. சுவீடனில் வீட்டுப் பதிவேடு 2011 வாக்கில் முழுமையாகும்வரை ஒருவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்றுதான் தெரியும், எந்த வீட்டில் என்று தெரியாது. பொதுவான குழந்தை இல்லாத, திருமணம் செய்யாத ஜோடி ஒரே வீட்டில் பத்து ஆண்டு குடியிருந்தாலும் பதிவேட்டுக்கு அவர்கள் இரண்டு தனி ஆட்கள். அந்தப் பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டு ‘தனிமை குறைந்துவிட்டது’ என்று எழுதினால் தப்பாகிவிடும். குறைந்தது தனிமை இல்லை, பதிவேட்டின் கண்பார்வை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணைத் தொடுமுன் சொல்லைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நார்டிக் நாடுகளில் எண் கிடைப்பது எளிது. இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்த எண் எதை எண்ணுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆகும்.

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அடுப்பு மட்டும் இரண்டு. இது ஒரு தலைக்கட்டா, இரண்டா? ஊர்க்கூட்டத்தில் இதற்குப் பாதி ராத்திரி போகும். புள்ளிவிவரத் துறைகளிலும் அதே தகராறு நடக்கிறது, கொஞ்சம் மரியாதையாக.

நான் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் ‘சுவீடன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தனியாக வாழ்கிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று நினைத்தேன். வழிகாட்டிப் பேராசிரியை அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ‘மக்களிலா, குடித்தனங்களிலா?’ என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீட்டில் ஒவ்வொருவர், மீதி ஆறு வீட்டில் மும்மூவர். குடித்தனக் கணக்கில் நூற்றுக்கு 40 ஒற்றை ஆள் வீடு. ஆள் கணக்கில் பாருங்கள், மொத்தம் 22 பேர், அதில் தனியாக இருப்பவர் 4 பேர், அதாவது நூற்றுக்கு 18. சுவீடனின் நிலைமையும் ஏறத்தாழ இந்தத் தெருதான். ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்களில் சுமார் 20 லட்சம் பேர் தனியாக இருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். பாதி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆள் வீட்டைத் தமிழில் ‘தனிக்குடித்தனம்’ என்று எழுதிவிடாதீர்கள். நமக்கு அது மாமியார் வீட்டைவிட்டு வந்த கதை.

அடுத்த சிக்கல் குழந்தை. சுவீடனில் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று மாறி மாறி இருப்பது சாதாரணம். ஆனால் பதிவேட்டில் குழந்தைக்கு ஒரே முகவரிதான். குழந்தை அம்மா முகவரியில் இருந்தால், அப்பா ‘பிள்ளையில்லாத தனி ஆள்’ என்று பதிவாவார். அவர் வீட்டில் பங்க் கட்டில் இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் பள்ளி அட்டவணை ஒட்டியிருக்கும், ஞாயிறு மாலை பனிக்காலணி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். பதிவேட்டுக்கு அவர் ஒண்டிக்கட்டை. ‘தனி ஆண்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய வீடு’ என்று ஆய்வுக் கேள்வி எழுப்புமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் கதை இன்னொரு விதம். நார்வேயில் திருமணமாகாத மாணவர் வேறு ஊரில் படித்தாலும் பெற்றோர் முகவரியிலேயே பதிவில் இருக்கலாம். பெர்கனில் அறை எடுத்துத் தங்குகிறவர் காகிதத்தில் தன் கிராமத்தில் அம்மா வீட்டில் இருப்பார். குடும்ப அட்டையில் பெயர் ஓர் ஊரிலும் ஆள் ஓர் ஊரிலும் இருப்பதைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சொந்த வீடு என்பதும் அப்படித்தான். நார்வேயில் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவரையும் சொந்தக்காரர் என்றே எண்ணுகிறார்கள். சட்டப்படி அவரிடம் இருப்பது சங்கத்தின் பங்கும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும்தான். சங்கத்தின் கூட்டுக் கடனிலும் அவருக்குப் பங்கு உண்டு. சுவீடனின் பூஸ்தாட்ஸ்ரெட் என்ற குடியிருப்பு உரிமை இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அங்கே பல அட்டவணைகளில் அதற்குத் தனிக் கட்டம். இரு நாட்டு ‘சொந்த வீட்டு விகித’த்தை ஒப்பிடுமுன் இந்தக் கட்டம் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சொல், இரண்டு நாடு: வீடற்றவர்

வரையறை எவ்வளவு தூரம் ஆளைச் சுற்றவிடும் என்பதற்கு வீடற்றோர் கணக்கைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சுவீடனில் 2023இல் எடுத்த கணக்கில் வீடற்றவர் 27,000 சொச்சம். பின்லாந்தில் அதே ஆண்டு 3,400 அளவில். மக்கள்தொகையில் சுவீடன் பின்லாந்தைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் எட்டு மடங்கு எப்படி வந்தது? பின்லாந்து சாதித்துவிட்டது, சுவீடன் கோட்டை விட்டது என்று தலைப்பு போடத்தான் கை வரும்.

வரையறையைத் திறந்து பாருங்கள். சுவீடனில் சமூகச் சேவைத் துறை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதை ஒருவருக்கு உள்வாடகைக்குக் கொடுக்கும். அவரிடம் சாவி இருக்கிறது, அங்கேதான் சமைக்கிறார், அங்கேதான் தூங்குகிறார். ஆனால் ஒப்பந்தம் அவர் பெயரில் இல்லை. ஆகவே அவர் வீடற்றவர் கணக்கில் வருகிறார். பெரிய பிரிவுகளில் இதுவும் ஒன்று. பின்லாந்தில் 2008 முதல் ‘முதலில் வீடு’ என்ற கொள்கை. குடிப்பழக்கம் விடட்டும், வேலை கிடைக்கட்டும் என்று காத்திராமல் நேராக அவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் போட்டு வீடு கொடுப்பார்கள். அவர் கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார். இரண்டு பேரின் நாள் ஏறக்குறைய ஒரே மாதிரி நகரலாம். ஒருவர் எண்ணில் இருக்கிறார், ஒருவர் இல்லை.

மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் கணக்கில் நண்பர், உறவினர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் சேர்த்தி. சொல்லப்போனால் அவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் செய்தியில் வரும் 3,400 தனி ஆட்களின் எண். குடும்பங்களைத் தனியாக எண்ணுகிறார்கள். சுவீடனின் கணக்கு, சமூகச் சேவைத் துறை முதலான அமைப்புகள் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பதிவு செய்து அனுப்புவது. யாரிடமும் போகாமல் நண்பன் வீட்டு சோபாவில் படுத்திருப்பவர் அதில் வரமாட்டார்.

இதனால் பின்லாந்தின் சாதனை பொய் என்று நான் சொல்லவில்லை. 1980களின் இறுதியில் பதினைந்தாயிரத்தைத் தாண்டி இருந்த எண்ணை அவர்கள் அதே நாட்டுக்குள் பல்லாண்டுத் தொடர்ச்சியாக இறக்கினார்கள். 2024இல் பல ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக அது மறுபடி ஏறியது. இந்த ஏற்ற இறக்கம் நம்பத்தக்கது, ஏனென்றால் அது ஒரே நாட்டுக்குள் இருக்கிறது. நாடு விட்டு நாடு தாவும்போதுதான் காலை உடைத்துக்கொள்கிறோம்.

அட்டவணையைத் திறக்கும் முறை

சரி, இனி கணினிக்கு வருவோம். நார்வேயின் எஸ்எஸ்பி, சுவீடனின் எஸ்சிபி, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்துப் புள்ளிவிவரத் துறைகள் எல்லாமே தங்கள் அட்டவணைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. பயனர் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவை சுவீடனில் உருவான பிஎக்ஸ்வெப் என்ற ஒரே மென்பொருளைப் பயன்படுத்துவதால் ஒன்றைப் பழகினால் மற்றவையும் வந்துவிடும்.

அட்டவணையைத் தேர்ந்தெடுத்ததும் வட்டாரம், குடித்தன வகை, ஆண்டு என்று பெட்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் வேண்டியதைக் குறித்து ‘காட்டு’ என்று அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் குறித்தால் திரை நிறைய எண் கொட்டும், ஒன்றும் விளங்காது. முதல் தடவை இரண்டு வட்டாரம், இரண்டு ஆண்டு போதும். வந்த எண்ணைப் பார்க்குமுன் பக்கத்தின் அடிக்குறிப்பைப் படியுங்கள். ‘2015 முதல் வரையறை மாறியுள்ளது’ என்கிற மாதிரி வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆங்கிலப் பக்கமும் இருக்கிறது. ஆனால் விளக்கம் முழுதாக இருப்பது பெரும்பாலும் நாட்டு மொழிப் பக்கத்தில்தான். மொழிபெயர்ப்புக் கருவி போதும், தயங்க வேண்டாம்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நார்வேயில் இரண்டு புள்ளி என்றால் தரவு இல்லை, முக்காற்புள்ளி என்றால் தரவு இருக்கிறது, வெளியிடமாட்டோம் என்று பொருள். சின்ன ஊரில் இரண்டே பேர் ஓர் உதவித்தொகை வாங்கினால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா, அதனால். அட்டவணை எண்ணையும் நீங்கள் எடுத்த தேதியையும் அப்போதே குறித்து வையுங்கள். அவர்கள் பழைய எண்களைத் திருத்துவார்கள். மூன்று மாதம் கழித்து வேறு எண் வந்து நின்று ‘நான்தானே தப்பாக எழுதினேன்’ என்று தூக்கம் கெடும்.

சராசரி என்ற சொல்லைக் கண்டால் யாருடைய சராசரி என்று கேளுங்கள். ஸ்டாக்ஹோமின் வாடகை வீட்டு வரிசையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் பதிந்திருக்கிறார்கள். சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டு என்று செய்தி வரும். அது அந்த ஆண்டு வீடு கிடைத்தவர்களின் காத்திருப்பு. இன்னும் கிடைக்காதவர்கள் அதில் இல்லை. மறுபுறம், பெயர் பதிந்தவர்களில் பலர் இப்போது வீடே தேடவில்லை. பின்னால் உதவும் என்று வரிசையில் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

வேலையும் விடுப்பும்

வேலையின்மைக்கு இரண்டு எண்கள் ஓடும். ஒன்று மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருவது, இன்னொன்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள். முதலாவதில் அந்த வாரம் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. அதே கணக்கில், 2007 அக்டோபர் முதல் சுவீடனில் முழுநேர மாணவர் பகுதிநேர வேலை தேடினால் வேலையற்றவர். இளைஞர் வேலையின்மை அங்கே பயமுறுத்தும் அளவு தெரிவதில் பெரும் பங்கு இந்த மாணவர்கள். 2021 தொடக்கத்தில் வரையறை இன்னொரு முறை மாறியது, அங்கேயும் தொடர் அறுந்திருக்கிறது.

பெற்றோர் விடுப்பிலும் ஒரு கண்ணி உண்டு. சுவீடன் 1974இல் தாய்க்கு மட்டும் என்றிருந்த விடுப்பை இருவருக்குமாக மாற்றியது. இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாள் உதவித்தொகை. அதில் 90 நாள் அப்பாவுக்கு, 90 நாள் அம்மாவுக்கு, ஒருவருடையதை மற்றவர் எடுக்க முடியாது. அப்பாக்கள் எத்தனை நாள் எடுத்தார்கள் என்று அட்டவணை சொல்லும். ஆனால் அது பணம் வாங்கிய நாட்களின் கணக்கு. வாரத்தில் நான்கு நாளுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு ஏழு நாளும் வீட்டில் இருக்கலாம். பெரும்பாலும் அம்மாக்கள்தான் அப்படி நீட்டுகிறார்கள். ஆகவே வீட்டில் இருந்த நாள் வேறு, பணம் வாங்கிய நாள் வேறு.

பதிவேட்டில் இல்லாதவர்கள்: தமிழர், சாமி பழங்குடியினர்

இந்தப் பதிவேடுகளில் இனமோ தாய்மொழியோ பெரும்பாலும் கிடையாது. (பின்லாந்து மட்டும் மொழியைப் பதிகிறது.) பிறந்த நாடும் பெற்றோர் பிறந்த நாடும்தான் இருக்கும். நார்வேயில் தமிழர் எத்தனை பேர் என்று பதிவேட்டைக் கேட்டால் பதில் வராது. ‘இலங்கை’ என்ற வரி இருக்கும். அதில் சிங்களரும் சேர்ந்திருப்பார்கள். சென்னையிலிருந்து போனவர் ‘இந்தியா’வுக்குள் மறைந்துவிடுவார். தாத்தா 1980களில் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர் என்றாலும், பேரனின் பெற்றோர் இருவரும் நார்வேயில் பிறந்தவர்கள் என்றால் பதிவேட்டில் அவன் குடியேறியவர் கணக்கில் எங்கும் இல்லை.

ஆனாலும் ஒரு வாசல் இருக்கிறது. எஸ்எஸ்பி குடியேறியவர்களின் வாழ்க்கை நிலை பற்றி 1996, 2005–06, 2016 ஆகிய ஆண்டுகளில் நேரடியாகப் பேட்டி எடுத்தது. மூன்றிலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் தனிப் பிரிவு. சொந்த வீட்டில் வசிப்போர் விகிதம் மற்றப் பல பிரிவினரைவிட இவர்களிடம் அதிகம் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். கடன் வாங்கியாவது காணி வீடு வாங்கிவிட வேண்டும் என்ற நம் வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று எண் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பழங்குடிகளான சாமி மக்களின் கதியும் இதுவே. நார்வேயில் ‘சாமி புள்ளிவிவரம்’ என்று வருவது வடக்கில் சில குறிப்பிட்ட பகுதிகளில் வசிக்கும் எல்லாரையும் பற்றியது. ஆஸ்லோவுக்குப் பெயர்ந்த சாமி அதில் இல்லை. அந்தப் பகுதியில் குடியிருக்கும் சாமி அல்லாதவர் இருக்கிறார்.

ஆட்களிடம் பேசுங்கள்

பதிவேட்டில் ‘ஏன்’ இருக்காது. அதற்குக் கஞ்சிச் சண்டையைத்தான் உதாரணம் சொல்வேன். 1860களில் நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஆஸ்பியோர்ன்சன் ஒரு சமையல் நூல் எழுதினார். கிராமத்துப் பெண்கள் கஞ்சியை இறக்கும் நேரத்தில் பச்சை மாவைத் தூவிக் கிளறுகிறார்கள், வேகாத மாவு செரிக்காது, நாடே மாவை வீணாக்குகிறது என்று அறிவியல் பேசினார். எய்லர்ட் சுண்ட் என்ற பாதிரியார், நார்வேயில் சமூக ஆய்வுக்கு முன்னோடி, இதற்கு மறுப்பு எழுதினார். அவர் ஆண்டுக்கணக்கில் கிராமம் கிராமமாக நடந்து திருமணம், சாவு, வீடு, சுத்தம் பற்றியெல்லாம் விசாரித்தவர். இத்தனை தலைமுறைப் பெண்கள் ஒன்றைச் செய்கிறார்கள் என்றால் அதில் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும், முதலில் அவர்களைக் கேட்போம் என்பது அவர் கட்சி. பத்திரிகைகளில் மாதக்கணக்கில் நடந்தது இந்தச் சண்டை.

பேச்சுக்குப் போகுமுன் சில சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். சுவீடிஷ் மொழியில் ‘பூ’ என்றால் வசி. சேர்ந்து வாழ்பவர் ‘சம்பூ’, திருமணம் கட்டாயமில்லை, இதற்கென்றே 2003ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜோடியாக இருந்தும் வெவ்வேறு வீட்டில் வாழ்பவர் ‘சார்பூ’. வீடு கிடைக்காமல் அம்மாவோடு இருக்கும் இளைஞரைக் கேலியாக ‘மம்பூ’ என்பார்கள். ‘உங்களுக்குத் திருமணம் ஆயிற்றா?’ என்று படிவத்தில் கேட்டால் பாதிக் குடும்பங்கள் கைநழுவிப் போகும். ‘உங்களோடு யார் யார் வசிக்கிறார்கள்?’ என்று கேளுங்கள்.

பதில் சொன்னவர் யார், சொல்லாதவர் யார் என்பதையும் பாருங்கள். பின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டும் வேலையற்றோர் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து மாதம் 560 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தது. வேலை நாட்கள் பதிவேட்டிலிருந்து வந்தன. இரண்டாம் ஆண்டுக் கணக்கில் சராசரியாக ஆறு நாள் கூடுதல். அது எல்லாரையும் பற்றிய எண். மனநிம்மதி கூடியது என்பது தொலைபேசிப் பேட்டியிலிருந்து வந்தது. அதற்குப் பணம் வாங்கியவர்களில் 31 சதவீதமும், வாங்காதவர்களில் 20 சதவீதமும்தான் பதில் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அனுமதி

திறந்த அட்டவணைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். தனி ஆள் அளவிலான தரவு வேண்டுமென்றால் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் அல்லது ஆய்வு நிறுவனத்தோடு தொடர்பு வேண்டும். நார்வேயில் 2018இல் தொடங்கிய மைக்ரோடேட்டா தளத்தில் அங்குள்ள மாணவர்களும் நுழையலாம். கட்டளை எழுதினால் முடிவு வரும், எந்தத் தனி ஆளின் வரியும் கண்ணில் படாது. சுவீடனின் மோனா என்ற தளத்தில் தரவு புள்ளிவிவரத் துறையின் கணினியைவிட்டு நகராது. நீங்கள் தொலைவிலிருந்து அதற்குள் போய் வேலை செய்துவிட்டு முடிவு அட்டவணையை மட்டும் வெளியே எடுக்கலாம். அதற்குமுன் நெறிமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேட்டின் காலக்கெடுவைப் போடும்போதே இதைச் சேர்த்துப் போடுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எரிச்சல் வரும்போது மெட்ரோபொலிட் திட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1953இல் பிறந்து, 1963இல் ஸ்டாக்ஹோம் பெருநகரில் வசித்த 15,117 பிள்ளைகள். 1966இல் பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அதன்பின் இருபது ஆண்டு, படிப்பு, வருமானம், நோய், போலீஸ் வழக்கு, உதவித்தொகை எல்லாவற்றையும் அடையாள எண் வழியாகக் கோத்துக்கொண்டே போனார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. 1986 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் அதை வெளியிட்டபோது அவர்களுக்கு வயது 32, 33. நாடு கொதித்தது. அந்த ஆண்டே பெயர்களையும் தரவையும் இணைத்த சாவி அழிக்கப்பட்டது. பெயரற்ற அந்தத் தரவை இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள், மிக நல்ல ஆய்வுகள் அதிலிருந்து வந்திருக்கின்றன.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘இந்த ஆய்வில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி வரும். ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். என்னுடையது திரும்பி வந்தது அந்தப் பெட்டிக்காகத்தான்.